ஸ்பெஷல் நீட்ஸ் பசங்க, ஸ்கூலு, சட்டம்: அடிக்கடி வர்ற கேள்விங்களுக்கு பதில்

ஏப்ரல் மே வந்தாலே எங்க பேரன்ட்ஸ் குரூப்ல இதே கேள்விங்கதான் சுத்திச் சுத்தி வரும், அட்மிஷன் தர மாட்டேங்கறாங்க, ஷேடோ டீச்சரோட (கிளாஸ்ல பிள்ளை கூடவே இருந்து உதவற தனி ஆள்) வந்தாத்தான் சேத்துப்போம்ங்கறாங்க, டென்த்துக்கு ஸ்கிரைப் (பிள்ளை சொல்லச் சொல்ல பரீட்சை எழுதித் தர்றவங்க) எப்படி வாங்கறதுன்னு. ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் போட்டுப் போட்டு தொண்டை கட்டிக்குது, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெச்சுட்டேன். நான் வக்கீல் இல்ல, ஆட்டிசம் இருக்கற ஒரு பையனோட அம்மா. தமிழ்நாட்டு நடைமுறைய வெச்சு எழுதறேன், வேற மாநிலத்துல இருக்கறவங்களுக்கு மத்திய சட்டம் அதேதான், ஆபீஸ் பேரும் உதவித்தொகையும் மாறும்.

மொத்தம் எத்தனை சட்டம்ங்க இருக்கு? படிச்சா தலை சுத்துது.

ஸ்கூல் விஷயத்துக்கு ரெண்ட புடிச்சுக்கிட்டா போதும். ஒண்ணு, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், இது 2017 ஏப்ரல் 19-லருந்து அமல்ல இருக்கு. இதுக்கு முன்னாடி இருந்த 1995 சட்டத்துல மொத்தமே 7 வகைதான், ஆட்டிசமும் டிஸ்லெக்ஸியாவும் (படிக்க, எழுத்துக்கூட்ட கஷ்டப்படற கற்றல் குறைபாடு) அந்த லிஸ்ட்லயே கிடையாது, அந்தக் காலத்துப் பேரன்ட்ஸ் எதைக் காட்டி எதைக் கேப்பாங்க சொல்லுங்க. இப்ப 21 வகை. இன்னொண்ணு 2009 கல்வி உரிமைச் சட்டம், எல்லாரும் ஆர்டிஇன்னு சொல்றது. பொதுவா அது 6-லருந்து 14 வயசு வரைக்கும், ஆனா 40 சதவீதமோ அதுக்கு மேலயோ குறைபாடு இருக்கற பிள்ளைக்கு 18 வயசு வரைக்கும் இலவசக் கல்வின்னு 2016 சட்டத்தோட பிரிவு 31 சொல்லுது.

இன்னொரு விஷயம். கூகுள்ல தேடினா வர்றதுல பாதி அமெரிக்க சட்டம். அங்க 1975-லருந்தே தனிச் சட்டம் இருக்கு, ஐஇபின்னு ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்துப்பூர்வமா ஒரு திட்டம் போட்டு, அதுல எழுதினத ஸ்கூல் செய்யலன்னா பேரன்ட்ஸ் விசாரணைக்கு இழுக்கலாம். நம்ம சட்டத்துல ஐஇபின்னு ஒரு வார்த்தையே இல்ல. பிரிவு 16-ல "தனிப்பட்ட முறையிலோ வேறு விதத்திலோ தேவையான ஆதரவு" குடுக்கணும்னுதான் இருக்கு. நல்ல ஸ்கூல்ங்க ஐஇபி போடறாங்க, போடணும்னு கேளுங்க, ஆனா "சட்டப்படி ஐஇபி எங்க"ன்னு பிரின்சிபால்கிட்ட சண்டை புடிச்சா அவங்க சட்டத்தப் புரட்டிப் பாத்துட்டு சிரிப்பாங்க.

பிரைவேட் ஸ்கூல்ல "எங்ககிட்ட ஃபெசிலிட்டி இல்ல, உங்க பிள்ளைக்கு வேற ஸ்கூல்தான் நல்லது"ன்னு அன்பா சொல்லி அனுப்பிட்டாங்க. அவங்க அப்படிச் சொல்லலாமா?

கூடாது. பிரிவு 16 அரசு நிதி வாங்கற ஸ்கூலுக்கு மட்டும்னு பல பேர் நெனைக்கறாங்க, அப்படி இல்ல, அரசு நிதி வாங்கற அல்லது அங்கீகாரம் வாங்கின எல்லா கல்வி நிறுவனமும் அதுல வருது. மெட்ரிக், சிபிஎஸ்இ எதா இருந்தாலும் அங்கீகாரம் இல்லாம நடத்த முடியாதே. பாகுபாடு இல்லாம சேத்துக்கணும், கட்டடம், டாய்லெட் எல்லாம் அந்தப் பிள்ளை பயன்படுத்தற மாதிரி இருக்கணும், பிள்ளையோட தேவைக்கு ஏத்தபடி நியாயமான மாற்றங்கள செஞ்சு தரணும். சிபிஎஸ்இ ஸ்கூல்னா ஸ்பெஷல் எஜுகேட்டர் (இந்த மாதிரி பிள்ளைங்களுக்குச் சொல்லித்தரப் படிச்ச டீச்சர்) வெக்கணும்னு அந்த போர்டே 2015-லயே சொல்லிடுச்சு, அங்க போய் "எங்ககிட்ட ஆள் இல்ல"ன்னு சொன்னா அது அவங்க குத்தம், உங்க பிள்ளை குத்தம் இல்ல.

ஆனா இங்கதான் எல்லாரும் கோட்ட விடறோம். மறுப்ப யாரும் எழுதித் தர்றது இல்ல. என் பையனுக்குக் கேட்டப்போ ஒரு ஸ்கூல்ல காபி குடுத்து உக்கார வெச்சு அரை மணி நேரம் அவ்ளோ கனிவாப் பேசி அனுப்பினாங்க, வெளிய வந்து பாத்தா கையில ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல. புகார்னு போய் நின்னா அதிகாரி கேக்கற மொத கேள்வியே "எப்ப அப்ளை பண்ணீங்க, என்ன பதில் வந்துச்சு"ங்கறதுதான். அதனால வாயால கேக்கறதுக்கு முன்னாடி அப்ளிகேஷன் ஃபார்ம நிரப்பிக் குடுத்து அக்னாலெட்ஜ்மென்ட் வாங்குங்க, ஃபார்மே தரலன்னா அன்னிக்கே ஒரு மெயில் போடுங்க, இன்ன தேதி வந்தோம், இன்ன வகுப்புக்கு கேட்டோம், இன்ன காரணம் சொன்னீங்க, 2016 சட்டம் பிரிவு 16-படி சேர்க்கை தரும்படி கேட்டுக்கறோம்னு நாலு வரி. கோவமா எழுதாதீங்க. அந்த மெயில் போன உடனே மறுபடி கூப்பிட்டுப் பேசின ஸ்கூல்ங்கள நான் பாத்திருக்கேன்.

ஷேடோ டீச்சர் சம்பளத்த நாங்களே குடுக்கணும்ங்கறாங்க. அது ரூலா?

ஷேடோ டீச்சர்ங்கற பேச்சே சட்டத்துல கிடையாது. ஆதரவு குடுக்க வேண்டிய பொறுப்ப சட்டம் கல்வி நிறுவனத்து மேலதான் வெக்குது. பிள்ளைக்குப் போக்குவரத்து வசதி செய்யணும், அதிக ஆதரவு தேவைப்படற பிள்ளைன்னா கூட வர்ற உதவியாளருக்கும் அந்த வசதி தரணும்னும் பிரிவு 16-லயே இருக்கு. ஸ்கூல் தரப்புல ஒரு வாதம் வெப்பாங்க, "நியாயமான மாற்றம்"ங்கறதுக்கு சட்டத்துல குடுத்த விளக்கத்துலயே அளவுக்கு மீறின சுமை ஆகக்கூடாதுன்னு இருக்கே, எங்களால தனி ஆள் போட முடியாதுன்னு. சின்ன ஸ்கூல்னா அதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு. ஆனா வருஷத்துக்கு லட்சக்கணக்குல ஃபீஸ் வாங்கற ஸ்கூல் அதையே சொன்னா எனக்கு ஏத்துக்க முடியல.

நடைமுறைய மறைக்க வேண்டாம், எங்க குரூப்ல பாதி பேர் கைக்காசுதான் போட்டுக்கிட்டு இருக்காங்க. குறைஞ்சபட்சம் ரெண்டு விஷயம் கேட்டு வாங்குங்க: அந்த ஆள் யாருக்கு ரிப்போர்ட் பண்றாங்க, எப்போ படிப்படியா விலகுவாங்க. இல்லன்னா அந்த ஷேடோ அக்கா லீவு போட்ட அன்னிக்கெல்லாம் "இன்னிக்கு அனுப்பாதீங்க"ன்னு போன் வரும், கிளாஸ் டீச்சர் பிள்ளை பேரையே கூப்பிட மாட்டாங்க.

மாற்றுத்திறனாளி சர்டிஃபிகேட் எடுக்கணுமா? எடுத்தா காலத்துக்கும் முத்திரை குத்தின மாதிரி ஆயிடாதா?

இந்த பயம் எல்லா வீட்லயும் இருக்கு, முக்கியமா தாத்தா பாட்டி இருக்கற வீட்ல. ஒரு அம்மா சர்டிஃபிகேட் வாங்கி ரெண்டு வருஷம் பீரோவுல புடவைக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தாங்க, மாமனாருக்குத் தெரியக்கூடாதுன்னு. யாருக்குக் காட்டணும், காட்ட வேண்டாம்னு முடிவு பண்றது நீங்கதான், கையில இருக்கறது பாதுகாப்பு அவ்ளோதான்.

யூடிஐடி கார்டுக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) ஆன்லைன்ல அப்ளை பண்ணிட்டு அரசு மருத்துவமனைல டாக்டருங்க பாத்து சதவீதம் போடுவாங்க. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேட்டா எந்தக் கிழமை எந்த ஜிஎச்ல முகாம்னு சொல்லுவாங்க. 40 சதவீதம்ங்கறது ஒரு கோடு, அதுவோ அதுக்கு மேலயோ இருந்தாத்தான் 18 வயசு வரைக்கும் இலவசக் கல்வி, அரசு, அரசு உதவி பெறும் காலேஜ்ல 5 சதவீத இடஒதுக்கீடு, அரசு வேலைல 4 சதவீதம். 40-க்கு கீழ இருந்தா ஒண்ணுமே இல்லன்னு கிடையாது, ஸ்கூல்ல சேத்துக்கறதும் பாகுபாடு காட்டாம இருக்கறதும் எல்லாருக்கும் பொது. பரீட்சைல ஸ்கிரைப் விஷயத்துலயும் 2021 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட்டு விகாஷ் குமார் வழக்குல, 40 சதவீதத்தக் காட்டி ஸ்கிரைப் தர மாட்டேன்னு சொல்லக்கூடாதுன்னு தீர்ப்பு குடுத்துச்சு, அவருக்கு ரைட்டர்ஸ் கிராம்ப், எழுதறப்போ கை இழுத்துப் புடிச்சுக்கும், யுபிஎஸ்சி மறுத்திருந்தாங்க.

டிஸ்லெக்ஸியா மாதிரி கற்றல் குறைபாட்டுக்கு யூகேஜி பிள்ளைய கூட்டிட்டுப் போனா சர்டிஃபிகேட் தர மாட்டாங்க, 8 வயசு, மூணாங் கிளாஸ் வாக்குலதான் முறையா மதிப்பிடுவாங்க. சின்ன வயசுல தர்றது தற்காலிகம், காலாவதி தேதிய போன்ல ரிமைண்டர் போட்டு வெச்சுக்கங்க, பப்ளிக் எக்ஸாம் நேரத்துல அது முடிஞ்சு போய் அலையறவங்க ஒவ்வொரு வருஷமும் இருக்காங்க.

நான் கவர்ன்மென்ட் ஸ்கூல் டீச்சர். கிளாஸ்ல 40 பேர், அதுல ஒரு பையன் எந்திரிச்சு ஓடறான், இன்னொரு பொண்ணு அஞ்சாவது வந்தும் எழுத்துக்கூட்டல. சட்டம் என்னையத்தான் கேள்வி கேக்குமா?

மிஸ், இந்தக் கேள்விக்கு எங்க குரூப்ல சண்டையே நடந்திருக்கு, பேரன்ட்ஸ் ஒரு பக்கம் டீச்சருங்க ஒரு பக்கம்னு. என் கருத்து, சட்டம் கடமைய நிறுவனத்து மேலயும் அரசு மேலயும் வெச்சுச்சு, நடைமுறைல அது ஒட்டுமொத்தமா உங்க தலைல வந்து விழுந்துச்சு. டீச்சருங்களுக்குப் பயிற்சி தரணும்னு பிரிவு 17-ல இருக்கு, அது அரசு செய்ய வேண்டியது. ஒரு நாள் ட்ரெயினிங்ல 21 குறைபாட்டையும் பிபிடில ஓட்டிக் காட்டிட்டு கையெழுத்து வாங்கிக்கிட்டா அதுக்குப் பேர் பயிற்சி இல்ல.

உங்களால செய்ய முடியறது, உங்களக் காப்பாத்தறதும் கூட, குறிச்சு வெக்கறதுதான். "இந்தப் பையனுக்கு ஆட்டிசம்"னு நீங்க சொல்லாதீங்க, அது டாக்டர் வேலை. என்ன பாத்தீங்களோ அதை எழுதுங்க, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பறது இல்ல, மூணு எழுத்து வார்த்தைய கரும்பலகையப் பாத்து எழுதறப்போ எழுத்து தலைகீழாகுதுன்னு தேதியோட. என்சிஇஆர்டியோட பிரசஸ்த் செக்லிஸ்ட், ஆப்பாவும் இருக்கு, அதைப் பயன்படுத்தலாம், அது ஸ்க்ரீனிங் மட்டும்தான். அதை எச்எம் மூலமா வட்டார வள மையத்துக்கு எழுத்துல அனுப்புங்க, ஸ்பெஷல் எஜுகேட்டர் வந்து பாக்கணும், மெடிக்கல் கேம்ப்ல சேக்கணும்னு கேளுங்க. கேட்டதுக்கு காப்பி உங்க கையில இருந்தா நாளைக்கு யாரும் "டீச்சர் கவனிக்கல"ன்னு சொல்ல முடியாது.

கிளாஸ்ல செய்யறதுக்கு பணம் தேவைப்படாத விஷயங்க நெறைய இருக்கு. முன் பெஞ்சு, ஜன்னல் பக்கம் இல்லாம. எழுதறதுக்குப் பதிலா வாயால பதில் வாங்கறது. ஓடற பையன்கிட்ட வருகைப்பதிவேட்ட எச்எம் ரூம்ல குடுத்துட்டு வாடான்னு அனுப்பறது, அவனுக்கு அந்த அஞ்சு நிமிஷ நடை தேவை. எங்க பையனோட மூணாங் கிளாஸ் மிஸ் இதைத்தான் பண்ணாங்க, எந்த ட்ரெயினிங்கும் இல்லாம.

ஸ்பெஷல் எஜுகேட்டர் எங்க ஸ்கூலுக்கு எப்பவாவதுதான் வர்றாங்க. ஏன் இப்படி?

ஏன்னா அவங்க ஒரு ஸ்கூலுக்கு இல்ல, ஒரு ஒன்றியத்துல இருக்கற பல ஸ்கூலுக்கு. ஸ்கூலுக்கு வர முடியாத பிள்ளைங்க வீட்டுக்கும் போகணும், ரெக்கார்டும் எழுதணும், கேம்ப்பும் நடத்தணும். இதுல பெரும்பாலானவங்க சமக்ர சிக்ஷாங்கற மத்திய, மாநில அரசுங்க சேந்து நடத்தற பள்ளிக் கல்வித் திட்டத்துல தொகுப்பூதியத்துல பல வருஷமா இருக்கறவங்க, பணி நிரந்தரம் கேட்டு சென்னைல அவங்க உக்காந்து போராடற படத்த நீங்களும் பாத்திருப்பீங்க. ஆர்சிஐன்னு சொல்ற இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ணவங்கதான் இந்த வேலைய செய்யலாம், 1992 சட்டம் அப்படி. தகுதி மட்டும் முழுசா வேணும், வேலை மட்டும் நிரந்தரம் இல்ல.

சுப்ரீம் கோர்ட்டு இதுல ரெண்டு தடவை பேசியிருக்கு. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கு, 2021 அக்டோபர்: தொடக்கப்பள்ளில 10 சிறப்புத் தேவை பிள்ளைங்களுக்கு ஒரு ஸ்பெஷல் டீச்சர், அதுக்கு மேல வகுப்புகள்ல 15 பேருக்கு ஒருத்தர்ங்கற கணக்குல நிரந்தரப் பணியிடம் உருவாக்கணும்னு சொன்னாங்க. அப்புறமும் மாநிலங்க அசையலன்னு 2025 மார்ச்சுல மறுபடி உத்தரவு போட்டு, பணியிடங்கள அறிவிக்கச் சொல்லி, ஏற்கனவே காண்ட்ராக்ட்ல இருக்கறவங்க தகுதியப் பாக்க ஒவ்வொரு மாநிலத்துலயும் குழு போடச் சொன்னாங்க. இதுக்கு நடுவுல தேசியக் கல்விக் கொள்கை சண்டைல 2024-25-க்கு தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா பணம் 2,000 கோடிக்கு மேல மத்திய அரசு நிறுத்தி வெச்சுது, மாநிலம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. எந்தக் கட்சி சரிங்கற விவாதத்த வேற எடத்துல வெச்சுக்கலாம், ஆனா இந்தப் பிள்ளைங்களுக்கு தெரபி தர்றவங்க சம்பளமும் அதே திட்டத்துலதான் வருதுங்கறத அந்த விவாதத்துல பெருசாப் பேசப்படல.

டிசி வாங்கிட்டுப் போங்கன்னு பிரஷர் பண்றாங்க. போன வாரம் அடிச்சிருக்காங்க வேற.

எட்டாவது முடியற வரைக்கும் எந்தப் பிள்ளையையும் ஸ்கூல்ல இருந்து நீக்கக்கூடாதுன்னு ஆர்டிஇ பிரிவு 16 சொல்லுது. அடிக்கறது, மனசு நோகற மாதிரி நடத்தறது ரெண்டையும் பிரிவு 17 தடை பண்ணுது. அதனால "நீங்களாவே டிசி கேட்ட மாதிரி" லெட்டர் எழுதச் சொல்லுவாங்க, எழுதிடாதீங்க, அதுல கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் கேஸே இல்ல. காயம் இருந்தா போட்டோ எடுத்துட்டு அன்னிக்கே ஜிஎச்ல காட்டி சீட்டு வாங்கிடுங்க.

டென்த், ப்ளஸ் டூ சலுகைங்க என்னென்ன?

நம்ம ஸ்டேட் போர்டுல குறைபாட்டப் பொறுத்து மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதலா ஒரு மணி நேரம், தரைத்தள ரூம் இப்படி. எச்எம் மூலமா தேர்வுத்துறைக்கு மெடிக்கல் சர்டிஃபிகேட்டோட போகணும், ஸ்கூல் திறந்த உடனே பேச்ச எடுங்க, ஜனவரில போய் நிக்காதீங்க. காப்பி வாங்கி ஹால் டிக்கெட்டோட வெச்சுக்கங்க.

மொழிப்பாடத்த விடறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க. பிள்ளைக்கு அந்த நேரத்துக்கு பெரிய நிம்மதிதான், ஆனா பின்னாடி எந்த கோர்ஸுக்கு, எந்த வேலைக்கு போகணும்னு ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஸ்கிரைப்னா முன்னாடியே அவங்களோட உக்காந்து ரெண்டு மூணு பேப்பர் எழுதிப் பழகணும், வாயால பதில் சொல்றது தனிப் பழக்கம், நேரா போய் உக்காந்தா நல்லாப் படிக்கற பிள்ளையும் திணறும்.

ஆர்டர் கையில இருந்தும் சென்டர்ல குடுக்காம போற கதையும் உண்டு. 2021 நீட்ல டிஸ்கிராஃபியா (எழுதறதுல வர்ற கற்றல் குறைபாடு) இருக்கற ஒரு மாணவிக்கு எக்ஸ்ட்ரா ஒரு மணி நேரம் தராம பேப்பரப் புடுங்கிட்டாங்க, சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய் ஜெயிச்சும் மறுதேர்வு கிடைக்கல, நடந்த அநியாயத்த வேற எப்படி சரி பண்ணலாம்னு பாருங்கன்னு தேர்வு நடத்தின ஏஜென்சிகிட்டதான் கோர்ட்டு சொல்லுச்சு. அதனால மொத நாளே சென்டருக்குப் போய் சீஃப் சூப்பரின்டெண்டன்ட்டப் பாத்து ஆர்டரக் காட்டிடுங்க.

பிரைவேட் ஸ்கூல்ல இலவசமா ஒதுக்கற ஆர்டிஇ 25 சதவீத சீட்டுல நாங்க கேக்கலாமா, எங்களுக்கு வருமானம் ரெண்டு லட்சத்துக்கு மேலயே இருக்கே?

கேக்கலாம். 2012 திருத்தத்துல மாற்றுத்திறனாளிப் பிள்ளைங்கள வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுல சேத்தாங்க, அந்த வருமான வரம்பு நலிவடைந்த பிரிவுக்குத்தான். சிறுபான்மை ஸ்கூலுக்கு இந்த 25 சதவீதம் பொருந்தாது.

ஸ்பெஷல் ஸ்கூலா, சாதா ஸ்கூலா, வீட்லயேவா?

சட்டம் உங்க கையில விடுது. பக்கத்து ஸ்கூலோ ஸ்பெஷல் ஸ்கூலோ எதுன்னு தேர்ந்தெடுக்கலாம், தீவிர குறைபாடு இருந்தா வீட்டுல இருந்தே படிக்கற உரிமையும் ஆர்டிஇ திருத்தத்துல இருக்கு. சட்டத்தோட நோக்கம் எல்லாரும் சேந்து படிக்கறதுதான், நானும் அதுதான் சரிங்கற கட்சி. ஆனா சேந்து படிக்கறதுன்னு சொல்லி கடைசி பெஞ்சுல உக்கார வெச்சு கலரிங் புக் குடுத்துட்டுப் போற கிளாஸ விட நல்ல ஸ்பெஷல் ஸ்கூல் எவ்ளவோ மேல். வீட்டு வழிக் கல்விய மட்டும் ஸ்கூல் உங்க மேல திணிச்சா ஒத்துக்காதீங்க, அது நீங்க கேட்டு வாங்கற உரிமை, அவங்க தள்ளி விடறதுக்கு வழி இல்ல.

அம்மாவோட வேலை, வீட்டுச் செலவு இதுக்கெல்லாம் ஏதாவது வழி இருக்கா?

பெரும்பாலும் வேலைய விடறது அம்மாதான், இதை எந்தச் சட்டமும் எண்ணிப் பாக்கறது இல்ல. மத்திய அரசு வேலைல இருக்கற பெண்களுக்கு மொத்தம் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு லீவு உண்டு, மாற்றுத்திறனாளிப் பிள்ளைன்னா 18 வயசு வரம்பு கிடையாது. ஹிமாச்சல்ல ஒரு அரசுக் கல்லூரி ஆசிரியைக்கு இந்த லீவ மறுத்தப்போ 2024 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டு அந்த மாநில அரசோட கொள்கைய மறுபரிசீலனை பண்ணச் சொல்லுச்சு. பிரைவேட் கம்பெனில இருக்கறவங்களுக்கு இதெல்லாம் கிடையாது, எச்ஆர் மனசு வெச்சாத்தான்.

நம்ம மாநிலத்துல அறிவுசார் குறைபாடு, கடும் பாதிப்பு மாதிரி பிரிவுங்களுக்கு மாசம் 2,000 ரூபா பராமரிப்பு உதவித்தொகை. வருமான வரி கட்டறவங்க பழைய முறைல இருந்தா 80டிடி-ல 75,000, கடுமையான குறைபாடுன்னா 1,25,000 கழிச்சுக்கலாம். தெரபி ஒரு மாசச் செலவோட பாத்தா இதெல்லாம் எந்த மூலைக்குன்னு நீங்களே சொல்லுங்க, இருந்தாலும் விடாதீங்க.

புகார் எங்க குடுக்கறது? கோர்ட்டுக்கெல்லாம் போக தெம்பு இல்ல.

கோர்ட்டுக்கு முன்னாடி படி இருக்கு. அரசு நிறுவனம்னா அங்கயே ஒரு குறைதீர் அலுவலர் இருக்கணும், புகார பதிவு பண்ணி ரெண்டு வாரத்துல விசாரிக்கணும்னு 2016 சட்டம் பிரிவு 23 சொல்லுது. பிரைவேட் ஸ்கூல்னா மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒண்ணு, சென்னைல இருக்கற மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு ஒண்ணு. ஆணையர் விசாரிக்கறப்போ சிவில் கோர்ட்டுக்கு இருக்கற அதிகாரம் அவருக்கு உண்டு, ஆள வரச் சொல்லலாம், ஆவணத்தக் கேக்கலாம், அவர் பரிந்துரை பண்ணா சம்பந்தப்பட்ட அதிகாரி மூணு மாசத்துல என்ன செஞ்சேன்னு சொல்லணும், செய்யலன்னா ஏன்னு சொல்லணும். வக்கீல் வேண்டியதில்ல, தமிழ்லயே எழுதலாம். சட்டத்த மீறினா மொத தடவை 10,000 ரூபா வரைக்கும் அபராதம், மறுபடி பண்ணா 50,000-லருந்து 5 லட்சம். ஸ்கூலுக்குப் போடற மெயில்ல இந்தப் பிரிவு 89-ஐயும் ஒரு வரில சேத்துடுங்க.

பிள்ளைக்கு 18 ஆகப்போகுது. பேங்க்ல கார்டியன் சர்டிஃபிகேட் கேக்கறாங்க, நாங்கதானே அப்பா அம்மா?

18 ஆன அன்னிக்கு சட்டத்துக்கு அவங்க மேஜர், பெத்தவங்கங்கறதால தானா கார்டியன் ஆக முடியாது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நாலுக்கும் 1999 நேஷனல் ட்ரஸ்ட் சட்டப்படி கலெக்டர் தலைமைல இருக்கற உள்ளூர் கமிட்டிகிட்ட அப்ளை பண்ணி சட்டப்படி கார்டியன் ஆகலாம். டிஸ்லெக்ஸியா மட்டும் இருக்கற பிள்ளைக்கு இது தேவையே இல்ல, அவங்க கையெழுத்து அவங்களுதுதான். மத்தவங்கள்லயும் கொஞ்சம் முடிவெடுக்கத் தெரிஞ்ச பிள்ளைன்னா 2016 சட்டம் பிரிவு 14-ல வரையறுக்கப்பட்ட கார்டியன்ஷிப்னு இருக்கு, குறிப்பிட்ட விஷயத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவங்களோட கலந்து பேசி முடிவெடுக்கற மாதிரி, அதைக் கேளுங்க. நாலு மாசம் முன்னாடியே பேப்பரத் தயார் பண்ணுங்க, யூடிஐடி, ரெண்டு பேரோட ஆதார், பிறப்புச் சான்றிதழ், போட்டோ. கமிட்டி எப்போ கூடும்னு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேட்டுட்டுப் போங்க, சில மாவட்டத்துல மாசக்கணக்குல கூடாம இருக்கும்.